ரத்தம் ஏற்றிய ஒன்பதாம் நாள்

சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் நம் ஊரில் முதலில் கேட்கிற பேச்சு, “சூடு பிடிச்சிருக்கு” என்பதுதான். இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் கொடுப்பார்கள். கூடவே கண்ணும் மஞ்சளித்திருந்தால் பேச்சு காமாலைக்குப் போய்விடும். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து வெறும் வயிற்றில் மூன்று நாள் கொடுத்து, உப்பைக் குறைத்துப் பத்தியம் வைப்பார்கள். வெயிலில் அலைந்து நீர் வற்றிப்போன சாதாரண ஆளுக்கு இளநீரும் மோரும் நல்லதுதான். ஆனால் பிறவியிலேயே ஹீமோகுளோபின் கோளாறு உள்ள ஒருவருக்கு, அதுவும் ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்னால் ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவருக்கு, அந்த நிறம் வேறொன்றைச் சொல்கிறது. உடம்புக்குள் சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடைந்துகொண்டிருக்கின்றன. அப்போது பத்தியத்தில் கழிகிற மூன்று நாளில் உயிரே போய்விடக்கூடும்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு நிலையைப் பற்றியது. அது அரிதானது. ஆனால் வந்தால் வேகமாகக் கொல்லக்கூடியது. அதைக் கண்டதும் வீட்டாருக்குத் தோன்றுவதும், பல சமயம் பணியில் இருக்கும் மருத்துவருக்கே தோன்றுவதும் ஒன்றுதான்: “ரத்தம் கம்மியாயிடுச்சு, இன்னும் ரெண்டு யூனிட் ஏத்துங்க.” தீ அங்கேதான் பெரிதாகிறது.

அடிப்படையை முதலில் பார்த்துவிடலாம். நல்ல நிலையில் உள்ள ஒருவரின் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அரிவாள் செல் (சிக்கிள் செல்) நோய் உள்ளவரின் சிவப்பணு 10 முதல் 20 நாளிலேயே உடைந்துவிடும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் வேலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் அந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பி கம்பியாகி, வட்டமான அணுவை அரிவாள் போல வளைத்துவிடுகிறது. வளைந்த அணு நுண்குழாய்களில் சிக்குவதால் வலி வருகிறது. வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, கடைசியில் உடைவதால் சோகை வருகிறது. ஆகவே இவர்களுக்கு ஹீமோகுளோபின் 7, 8 என்று இருப்பதே வழக்கமான நிலை. உடம்பு அதற்குப் பழகிவிட்டிருக்கும். கண்ணில் லேசான மஞ்சளும் எப்போதும் இருக்கும்.

இந்தப் ‘பழகிய நிலை’யை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் வழக்கமான அளவு எவ்வளவு என்று தெரியாமல் திடீர்ச் சரிவைக் கண்டுபிடிக்க முடியாது. எட்டில் வாழ்கிறவருக்கு எட்டு ஆபத்தில்லை. அவர் ஐந்துக்கு வந்தால் ஆபத்து.

தமிழ்நாட்டில் இந்த நோய்க்குச் சொந்த ஊர் நீலகிரி. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்து, தென்னிந்தியாவில் அரிவாள் செல் இருப்பதை உலகுக்கு அறிவித்தார்கள். கூடலூர், பந்தலூர், அந்தப் பக்கம் வயநாடு என்று ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன காட்டுப்பகுதிகள் அவை. ஒரே ஒரு அரிவாள் மரபணுவை மட்டும் சுமக்கிறவரைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று ஆண்டனி ஆலிசன் 1954இல் காட்டினார். பிள்ளைகளை மலேரியாவிலிருந்து காத்த மரபணு தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக இரண்டு சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு அதுவே நோயானது.

இனி ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம். மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கும் வரிசையை நம் மண்ணில் வைத்துப் பார்ப்பதற்காகவே அவள். கூடலூர்ப் பக்கம் மலைக்கிராமம், வயது 26, அரிவாள் செல் நோய் இருப்பது தெரியும். அடிக்கடி வலி வந்து படுக்கிறவள் அல்ல. வருஷத்துக்கு ஒருமுறை கைகால் குத்தல் வரும், மாத்திரையில் அடங்கிவிடும். நான்கு வருஷத்துக்கு முன் முதல் பிரசவத்தில் வேறொரு ஊர் மருத்துவமனையில் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அப்போது ஒன்றும் ஆகவில்லை. இப்போது இரண்டாம் பிரசவம், சிசேரியன். ஹீமோகுளோபின் 6.5க்கு வந்தது. இரண்டு யூனிட் ஏற்றினார்கள். 8.6 ஆனது. ஐந்தாம் நாள் பிள்ளையோடு வீடு.

எட்டாம் நாள் காய்ச்சல், இடுப்பிலும் முதுகிலும் வலி. பிரசவ உடம்பு, பச்சை உடம்பு, இருக்கத்தான் செய்யும் என்கிறாள் மாமியார். ஒன்பதாம் நாள் வலி தாங்கவில்லை; சிறுநீர் வரக்காப்பி. பத்தாம் நாள் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ‘சிக்கிள் செல் வலி’ என்று எழுதி, குளுக்கோஸ், வலிக்கு ஊசி. ஹீமோகுளோபின் பார்த்தால் 5.1. ரத்தம் ஏற்றுகிறார்கள். மறுநாள் காலை மீண்டும் பார்த்தால் 3.9. ஏற்றிய பிறகு குறைந்திருக்கிறது.

பத்து நாளுக்குள் என்ன நடந்தது?

நமக்குத் தெரிந்த ரத்தவகை ஏ, பி, ஓ, பாசிட்டிவ், நெகட்டிவ் என்பதோடு முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்கீகரிக்கப்பட்ட ரத்தவகை அமைப்புகள் 45க்கும் மேல். சிவப்பணுவின் மேல்தோலில் நூற்றுக்கணக்கான அடையாளக் குறிகள் உண்டு. ‘பாசிட்டிவ்’ என்று நாம் சொல்வது ஆர்எச் அமைப்பின் டி என்ற ஒரே ஒரு குறியை. அதே அமைப்பில் பெரிய சி, சிறிய சி, பெரிய ஈ, சிறிய ஈ என்று வேறு குறிகளும் இருக்கின்றன. கெல், கிட், டஃபி என்று வேறு அமைப்புகளும் இருக்கின்றன. பெட்டிக்கடைச் சுவரொட்டியில் ‘பி பாசிட்டிவ் ரத்தம் தேவை’ என்று படித்துவிட்டு ஓடிவந்து கொடுக்கிறவரின் ரத்தம், வகையில் பொருந்தினாலும் இந்த நுண்குறிகளில் பொருந்தாமல் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு அதனால் தீங்கு வருவதில்லை. வாழ்நாளில் ஒருமுறை இருமுறை ஏற்றிக்கொள்கிறவர்களின் உடம்பு அதைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடுகிறது.

அரிவாள் செல் நோயாளியின் உடம்பு அப்படி எளிதில் விட்டுவிடுவதில்லை. அமெரிக்காவில் எலியட் விச்சின்ஸ்கி குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தம் ஏற்றிக்கொண்ட கறுப்பின அரிவாள் செல் நோயாளிகளில் 30 சதவீதம் பேர் அந்நியக் குறிகளுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கியிருந்தார்கள். வேறு நாள்பட்ட சோகைக்காக ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் இது 5 சதவீதம்தான். கொடையாளர்கள் பெரும்பாலும் வெள்ளையர், பெறுகிறவர்கள் கறுப்பினத்தார். இரு மக்களின் நுண்குறிகள் வேறுபட்டதே முக்கியக் காரணம் என்றார்கள். நோயால் உடம்பு எப்போதும் ஒருவித அழற்சியில் இருப்பதும் ஆன்டிபாடி எளிதில் உருவாக வழிசெய்கிறது.

இதற்குப் பிறகு நடப்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். உருவான ஆன்டிபாடி ரத்தத்தில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. சில மாதங்களில், ஓரிரு வருஷங்களில் அதன் அளவு குறைந்து, சோதனைக் குழாயில் பிடிபடாத மட்டத்துக்குப் போய்விடும். கிட் அமைப்புக்கு எதிரான ஆன்டிபாடி இப்படி மறைவதில் பேர்போனது. ஆனால் உடம்பின் நினைவணுக்கள் மறப்பதில்லை. நம் பெண்ணின் முதல் பிரசவத்தில் ஏற்றிய ரத்தம் அவள் உடம்பில் ஒரு நினைவை விதைத்தது. நான்கு வருஷத்தில் ஆன்டிபாடி மறைந்தது. இரண்டாம் முறை ரத்த வங்கியில் அவள் சீரத்தையும் கொடையாளரின் அணுக்களையும் குழாயில் கலந்து கிராஸ் மேட்ச் பார்த்தபோது ஒன்றும் திரளவில்லை. ‘பொருந்துகிறது’ என்று சீட்டு ஒட்டினார்கள். பார்த்தவர் தவறு செய்யவில்லை. குழாயில் பிடிபட ஒன்றும் இல்லை. பையிலிருந்த அணுக்கள் உள்ளே போனதும் பழைய நினைவு விழித்துக்கொண்டது. ஆன்டிபாடியைத் திரட்டி எடுக்க அதற்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. அதனால்தான் எட்டாம் நாள்.

பிரான்சில் 69 நோயாளிகளுக்கு நேர்ந்த இத்தகைய 99 நிகழ்வுகளைத் தொகுத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அறிகுறி தொடங்கிய நாளின் நடுமதிப்பு 9.4. பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் அரிவாள் செல் வலியே முன்னால் நின்றது. ஆகவே முதலில் இதை வெறும் வலிக்காலம் என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆறு பேர் இறந்தார்கள். நோயைப் பல வருஷமாகப் பார்த்துப் பழகிய ஒரு நாட்டிலேயே நிலை இது.

இதில் இன்னொரு படி இருக்கிறது. பொருந்தாத கொடையாளர் அணுக்கள் உடைவது புரிகிறது. நம் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 6.5 இருந்தபோது ரத்தம் ஏற்றினோம். அந்த ரத்தம் முழுவதும் உடைந்தாலும் 6.5க்குத்தான் திரும்ப வேண்டும். ஆனால் 5.1க்கு வந்தது. அப்படியென்றால் அவளுடைய சொந்த அணுக்களும் சேர்ந்து உடைகின்றன. இதை மிகைச் சிவப்பணுச் சிதைவு எனலாம். மருத்துவர்கள் பேச்சில் ஹைப்பர் ஹீமோலிசிஸ். சொந்த அணு ஏன் உடைகிறது என்பதற்கு விளக்கங்கள் பல: காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதக் கூட்டம் மூண்டு அருகிலிருப்பதையும் துளைக்கிறது, மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணுக்கள் வெறிகொண்டு கண்டதையெல்லாம் விழுங்குகின்றன. கூடவே புது அணுக்களை உருவாக்கும் எலும்புமஜ்ஜையும் பல சமயம் தளர்ந்துபோகிறது. இப்போது புதிதாக ஒரு பை ரத்தத்தை ஏற்றுவது, எரிகிற அடுப்பில் விறகு செருகுவது. அதனால்தான் மறுநாள் 3.9.

உடைந்த அணுவிலிருந்து வெளியே கொட்டும் ஹீமோகுளோபினை ஹாப்டோகுளோபின் என்ற புரதம் ஓடிஓடிப் பிடித்துக் கல்லீரல் பக்கம் அனுப்பும். உடைவு கடுமையானால் ஹாப்டோகுளோபின் தீர்ந்துபோகும். பிடிப்பாரில்லாத ஹீமோகுளோபின் சிறுநீரகத்தில் வடிகிறது. வரக்காப்பி நிறம் அதுதான். அது சிறுநீரகக் குழாய்களை அடைத்துப் புண்ணாக்கும். ரத்தக்குழாயைத் தளர்த்தி வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் உறிஞ்சிவிடும். குழாய் இறுகும், வலி கூடும், நுரையீரலுக்குப் போகும் ரத்தநாளங்களில் அழுத்தம் ஏறும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சிறுநீரில் ரத்தமே கலந்து வந்தால், குழாயில் விட்டு இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால் சிவப்பணுக்கள் அடியில் படிந்து மேலே நீர் தெளிந்துவிடும். ஹீமோகுளோபின் கலந்த சிறுநீரை எவ்வளவு சுழற்றினாலும் மேல்நீர் தெளியாது; அதே அடர்நிறம். காகிதப் பட்டையில் நனைத்தால் ‘ரத்தம் உண்டு’ என்று காட்டும். நுண்ணோக்கியில் ஓர் அணுகூடத் தெரியாது. தாலுகா மருத்துவமனை ஆய்வகத்தில் கால்மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. அங்கே இரவுப் பணியில் இருக்கிற ஒருவர் இந்த இரண்டு குழாய்களின் வித்தியாசத்தைத் தொலைபேசியில் சொன்னால் ஓர் உயிர் திசைமாறும்.

இன்னொரு சோதனை எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. இரட்டை அரிவாள் மரபணு உள்ளவரின் உடம்பு சாதாரண ஹீமோகுளோபின் ‘ஏ’யைத் துளியும் உற்பத்தி செய்வதில்லை. ஆகவே அவர் ரத்தத்தில் எவ்வளவு ‘ஏ’ இருந்தாலும் அத்தனையும் கொடையாளருடையது. ரத்தம் ஏற்றி முடித்ததும் ஒருமுறை, சந்தேகம் வந்தபோது மறுமுறை ‘ஏ’யின் சதவீதத்தை அளந்தால், வந்த விருந்தாளிகளில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாம். பல வாரங்கள் மெல்ல மெல்லக் குறைய வேண்டியது பத்தே நாளில் சரிந்திருந்தால் விடை கையில். ஆன்டிபாடி எதுவும் பிடிபடாத நிகழ்வுகளும் உண்டு. பிரெஞ்சுத் தொகுப்பிலும் அப்படிப் பல. ஆன்டிபாடியைத் தேடும் கூம்ஸ் சோதனை நெகட்டிவ் என்பதை மட்டும் வைத்து ‘அது இல்லை’ என்று முடிவு கட்டுவது ஆபத்து என்பதால், இந்த ‘ஏ’ கணக்குக்கு மதிப்பு அதிகம். முதல் அளவை எடுத்துவைப்பதற்கு யாராவது ஒருவர் முன்கூட்டியே நினைக்க வேண்டும். அது ஒன்றுதான் தடை.

நம் பெண் அடிக்கடி வலி வந்து படுக்கிறவள் அல்ல என்று சொன்னேன். அது தற்செயலாகச் சொன்னதல்ல. இந்திய அரிவாள் செல் நோயாளிகள் பலரிடம் சிசுப்பருவ ஹீமோகுளோபின் பெரியவர்களான பிறகும் கணிசமாக இருக்கிறது. அது அரிவாள் வளைவைத் தடுப்பதால் ஆப்பிரிக்க வழி நோயாளிகள் பலரைவிட இவர்களுக்கு நோய் மென்மையாக ஓடுகிறது. நல்ல செய்திதான். ஆனால் தாமதமாக வரும் இந்தச் சிதைவு, மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களைவிட, எப்போதோ ஒருமுறை பிரசவத்துக்கும் அறுவைக்கும் ஏற்றிக்கொள்கிறவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. ‘உனக்கு லேசான சிக்கிள் செல்தான்’ என்று கேட்டே வளர்ந்தவர், முதல் கர்ப்பத்தில் ஏற்றி, நான்கு வருஷம் கழித்து மீண்டும் ஏற்றுகிறார். கர்ப்பமே பிள்ளையின் அந்நியக் குறிகளைத் தாயின் ரத்தத்துக்குள் கொண்டுவருவது. அதுவும் ஆன்டிபாடியை விதைக்கும். மென்மையான நோயாளி என்பதால் அஜாக்கிரதை வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் அவர்தான் முதல் வரிசையில் நிற்கிறார்.

கூடலூரின் நில அமைப்பும் இதில் சேர்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் கூடுகிற முனை அது. அங்கே நோய் முற்றினால் ஒருவர் ஊட்டிக்குப் போகலாம், கோயம்புத்தூர் இறங்கலாம், சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ போகலாம், மைசூருக்கும் போகலாம். சொந்தக்காரர் எங்கே இருக்கிறார், அன்றைக்கு எந்த வண்டி கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்று மாநிலத்தில் மூன்று ரத்த வங்கிகள், மூன்று டிஸ்சார்ஜ் சீட்டுகள். முதல் பிரசவத்துக்குப் பிறகு வந்த ஆன்டிபாடியை ஓரிடத்தில் யாராவது பிடித்து எழுதியிருந்தாலும், அடுத்த இடத்துக்கு அது போய்ச் சேர்வதற்கு வழியில்லை. அதற்குள் ஆன்டிபாடியும் மறைந்துவிடுகிறது. எழுதிவைத்த காகிதம் ஒன்றுதான் சாட்சி. அந்தக் காகிதம் ஓட்டின் இடுக்கில் செருகிய பிளாஸ்டிக் பையில் மழைக்கு நனைந்துகொண்டிருக்கும்.

தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047க்குள் நோயை ஒழிப்பதும் இலக்கு. சோதனை செய்துகொண்டவர்களுக்கு அட்டை கொடுக்கிறார்கள். அட்டை ஒருவர் ஒற்றை மரபணுவைச் சுமக்கும் கடத்துநரா, நோயாளியா, இரண்டும் இல்லையா என்று சொல்கிறது. திருமணப் பேச்சில் பயன்பட வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம், அவசியமான வேலை. என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நோயாளியின் அட்டையில் இன்னும் நான்கு வரிகள் வேண்டும்: வழக்கமான ஹீமோகுளோபின் அளவு, ரத்தத்தின் விரிவான நுண்குறிகள், இதுவரை ரத்தம் ஏற்றிய தேதிகளும் இடங்களும், எப்போதாவது கண்டுபிடித்த ஆன்டிபாடி. பிறக்கப்போகும் பிள்ளைக்காக அட்டை அச்சடிக்கும்போது, அதைக் கையில் வைத்திருக்கிற ஆளின் உயிருக்காகவும் நான்கு வரி அச்சடிப்பது கடினமல்ல.

விரிவான நுண்குறிகளைக் கண்டறிய நேரம் முக்கியம். வாழ்க்கையில் முதல் யூனிட் ஏறுவதற்கு முன்னால் எடுத்தால் சில மில்லி ரத்தமும் சாதாரண சீரச் சோதனையும் போதும். ரத்தம் ஏற்றிய பின்பு மூன்று மாதம் வரை உடம்பில் ஓடுவது இருவர் ரத்தத்தின் கலவை. அப்போது எது யாருடைய குறி என்று பிரிக்க மரபணுச் சோதனைக்குப் போக வேண்டியிருக்கும். தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கும் இதே விதிதான். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்க ஏற்றப்போகிற அந்தப் பிள்ளைக்கு முதல் பையைத் தொங்கவிடும் முன்பே முழுக் குறிப்பட்டியலை எடுத்துவைக்க வேண்டும்.

அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், அரிவாள் செல் நோயாளிகளுக்கு ஏபிஓ, டி பொருத்தத்தோடு சி, ஈ, கெல் குறிகளையும் பொருத்தியே ரத்தம் தர வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறது. நம் ரத்த வங்கிகள் எல்லாவற்றிலும் ஆன்டிபாடி ஸ்கிரீனிங்கே வழக்கமாக நடப்பதில்லை. மலையிலுள்ள சிறு மருத்துவமனை இதை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் திட்டமிட்ட அறுவைக்கும் பிரசவத்துக்கும் மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. ஏழாம் மாதத்திலேயே பெரிய மையத்துக்கு ஒரு ரத்த மாதிரி அனுப்பிக் குறிகளை வாங்கி வைத்துக்கொள்ள முடியும். பிரசவ நாள் நள்ளிரவில் முடியாது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு ரத்தம் ஏற்றவே கூடாது என்று யாராவது நினைத்தால் நான் எழுதியது தீங்காகிவிடும். பக்கவாத அபாயம் உள்ள அரிவாள் செல் குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றியபோது முதல் பக்கவாதம் 92 சதவீதம் குறைந்தது என்று 1998இல் வெளியான ஆய்வு நிறுவியது. நெஞ்சில் அடைப்பு வந்து மூச்சுத்திணறும்போது ஏற்றிய ரத்தம் காப்பாற்றியவர்கள் எண்ணற்றோர். தேவையான ரத்தம் உயிர் தரும். ‘எச்பி ஏழுதானே இருக்கு, ஒரு பாட்டில் போட்டுடலாம்’ என்று பழக்கதோஷத்தில் ஏற்றுகிற ரத்தத்தைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். ஏழில் நன்றாக நடமாடுகிறவருக்கு ஏற்றும் ஒவ்வொரு வீண் யூனிட்டும், உண்மையிலேயே தேவைப்படப்போகிற நாளுக்கு ஒரு ஆன்டிபாடியை விதைத்து வைக்கிறது.

எல்லாத் திடீர்ச் சரிவும் இந்தச் சிதைவல்ல. சிறு குழந்தைகளுக்கு மண்ணீரல் ரத்தத்தை உறிஞ்சி வீங்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். ஜமைக்காவில் கிரஹாம் செர்ஜன்ட்டின் குழுவினர் தாய்மாருக்கு ஒரு கைவேலை கற்றுக்கொடுத்தார்கள். குழந்தையைப் படுக்கவைத்து, இடது விலா எலும்புக்குக் கீழே விரல் நுனிகளை மெதுவாக அழுத்தி, மண்ணீரல் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது. வழக்கத்தைவிடப் பெரிதாகத் தட்டுப்பட்டால் உடனே கிளினிக். 1985இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், இத்தகைய நிகழ்வு நூற்றுக்கு 29 என்றிருந்த மரணம் 3 ஆகக் குறைந்தது. மருந்து மாறவில்லை, கருவி வரவில்லை. தாயின் கை பழகியது, அவ்வளவே. பார்வோவைரஸ் பி19 தொற்றினால் வேறு வகை: எலும்புமஜ்ஜை ஒரு வாரம் உற்பத்தியை நிறுத்திவிடும், சிறுநீர் நிறம் மாறாது, கண் மஞ்சள் கூடாது, பிள்ளை வெளிறிக்கொண்டே போகும். இந்த இரண்டிலும் ரத்தம் ஏற்றுவதுதான் மருந்து. ஒன்பதாம் நாள் சிதைவில் அதுவே விஷமாகக்கூடும். ஆகவேதான் எது என்று பிரித்தறிவது இவ்வளவு முக்கியம்.

மருந்துகளாலும் சிதைவு வரலாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைவும் மலேரியா மண்ணில் தங்கிய மரபுதான். அதுவும் கூடவே இருந்தால் ப்ரைமாகுயின், டாப்சோன் போன்றவை அணுக்களை உடைக்கும். துணிப்பெட்டியில் போடும் நாப்தலின் உருண்டையும்கூட. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் மிக அரிதாக அரிவாள் செல் குழந்தைகளுக்கு நிமிடக்கணக்கில் கொடும் சிதைவை உண்டாக்கி இறப்பில் முடிந்தது பதிவாகியிருக்கிறது. காய்ச்சலில் அந்த ஊசி பல உயிர்களைக் காப்பது. அஞ்சி மறுக்க வேண்டாம். ஆனால் ஏறிக்கொண்டிருக்கும்போதோ ஏறியபின்போ குழந்தை வெளிறினால், முதுகு வலிக்கிறது என்றால், சிறுநீர் சிவந்தால், நர்ஸை உடனே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

மிகைச் சிதைவுக்கு மருத்துவம் இருக்கிறது. இம்யூனோகுளோபுலினைச் சிரை வழியாக ஏற்றுவது, ஸ்டீராய்டு, எலும்புமஜ்ஜையைத் தூண்ட எரித்ரோபொய்ட்டின், கைமீறினால் காம்ப்ளிமென்ட்டைத் தடுக்கும் எகுலிசுமாப். கடைசியானது நம் அரசு மருத்துவமனைகளில் எட்டாத விலை. இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது ஒரு கட்டுப்பாடு: உயிர் போகும் நிலை இல்லையென்றால் மேலும் ரத்தம் ஏற்றாமல் இருப்பது, மயக்கத்துக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஆக்சிஜனோடு காவல் இருப்பது, சோதனைக்காகத் திரும்பத் திரும்ப ரத்தம் உறிஞ்சாமல் சிறு குழாயில் கொஞ்சமாக எடுப்பது. ஏற்றியே ஆக வேண்டுமென்றால், இந்த மருந்துகளின் பாதுகாப்பில், நுண்குறிகள் பொருந்திய பையை மட்டும். நாலுக்குக் கீழே காட்டும் ஹீமோகுளோபின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றாமல் காத்திருப்பது எந்த மருத்துவருக்கும் கொடுமையான மணிநேரம். வெளியே உறவுக்காரர்கள், “ரத்தம் இருக்கு, ஏன் ஏத்த மாட்டேங்கறாங்க?” என்று கத்துவார்கள். அப்போது அவர்களுக்கு யாராவது உட்காரவைத்து விளக்க வேண்டும்.

விளக்கம் அங்கே தொடங்கினால் தாமதம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போதே தொடங்க வேண்டும். தையல் பிரிக்க என்றைக்கு வர வேண்டும், பிள்ளைக்கு ஊசி என்றைக்கு என்றெல்லாம் சீட்டில் எழுதுகிறார்கள். அதற்குக் கீழே ரத்தம் ஏற்றிய தேதியை எழுதி, அதிலிருந்து மூன்று வாரம் எண்ணி ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் காய்ச்சலோ, முதுகுவலியோ, மஞ்சள் கூடுவதோ, வரக்காப்பி நிறமோ வந்தால் நாட்டு மருந்து வேண்டாம், உடனே வா என்று சொல்லி அனுப்பலாம். படிக்கத் தெரியாதவருக்கு ஒரு டம்ளர் வரக்காப்பியைக் காட்டினால் போதும்.

நள்ளிரவில் ஜீப் பிடித்து அவசரப் பிரிவுக்கு வந்து இறங்குகிறவர்கள், ‘வலிக்குது டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் வலிக்கு ஊசிதான் கிடைக்கும். கூட வருகிற கணவனோ தங்கையோ இப்படிச் சொல்ல வேண்டும்: “இவளுக்கு சிக்கிள் செல் இருக்கு. ஒம்பது நாளைக்கு முன்னாடி ரத்தம் ஏத்தினாங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடியும் ஏத்தியிருக்காங்க. இப்ப வரக்காப்பி கலர்ல ஒண்ணுக்குப் போகுது.”